கொதிக்க வைத்தால் போகுமா?

வானொலியில் அறிவிப்பு வாசிப்பது தனிக் கலை என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். பதினைந்து விநாடி. மூச்சு வாங்கக் கூடாது, சொல் இடறக் கூடாது, அடுத்த பாட்டின் முன்னிசை முடிந்து பாடகர் வாயைத் திறப்பதற்குள் நாம் வாயை மூடிவிட வேண்டும். 2024 ஏப்ரலில் ஒரு காலை நிகழ்ச்சியில் நானும் அப்படித்தான் வாசித்தேன். போர்ட்டிக்சன் கடலோரத்தில் எடுத்த கூப்பாங், மற்றச் சிப்பி வகைகள் எதையும் சாப்பிட வேண்டாம், வாங்க வேண்டாம், விற்க வேண்டாம். நச்சுப் பாசி கலந்த சிப்பியைச் சாப்பிட்டு 8 பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். பாசியின் பெயர் நீளமாக இருந்ததால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். பாட்டு ஆரம்பித்தது. என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பாட்டு ஓடும்போதே ஒரு தொலைபேசி அழைப்பு. சிரம்பானிலிருந்து ஓர் அம்மா.

"தம்பி, இப்ப கூப்பாங் பத்தி ஏதோ சொன்னீங்களே. முந்தாநாள் என் மகன் பி.டி. போயிட்டு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தான். பிரிட்ஜ்ல இருந்து எடுத்து வெளியில வச்சிருக்கேன், மத்தியானத்துக்கு. கொதிக்க வச்சா போயிடும்ல?"

பாட்டு முடிய நாற்பது விநாடி இருந்தது. "நல்லா கொதிக்க விடுங்கம்மா, எந்தக் கிருமியும் தாங்காது" என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்லவேளை, இது ஒலிபரப்பில் போகவில்லை. நல்லவேளை என்று இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் கூசுகிறது. அந்த அம்மாவுக்கு அது ஒலிபரப்பில் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? ரேடியோக்காரர் சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் ஒலிப் பொறியாளர் சபாக்காரர், கோத்தா கினாபாலு. தமிழ் தெரியாது. ஆனால் "கூப்பாங்" என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. என்ன கேட்டார் என்று மலாயில் விசாரித்தார். சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் இசைக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திரும்பக் கூப்பிடு. இப்பவே."

சபாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது மழை அறிவிப்பு மாதிரி பழகிப்போன விஷயமாம். கடலில் சிவப்பு அலை என்று ரேடியோவில் சொன்னால் அன்றோடு வீட்டில் சிப்பி கிடையாது. 1976இல் சபாவின் மேற்குக் கரையில் முதன்முதலாக இந்த நச்சு தாக்கியபோது 202 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்திருக்கிறார்கள். அவர் பிறப்பதற்கு முந்தைய கதை, ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நான் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அப்போது மணி பத்தே கால். சிரம்பானில் மத்தியானச் சமையல் எத்தனை மணிக்கு முடியும் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அடுத்த இடைவேளையில் அறிவிப்பை மீண்டும் வாசித்தேன், இந்த முறை நிதானமாக. "கொதிக்க வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, உறைபெட்டியில் வைத்தாலும் போகாது" என்று மூன்று முறை சொன்னேன். அந்த அம்மா ரேடியோவை அணைத்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு முறை மறுபடி அழைத்துப் பார்த்தேன். பாட்டுகளுக்கு நடுவே, என் கைப்பேசியில், வாசித்து முடித்த செய்திக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் செய்த தப்பு என்னவென்றால், கிருமி வேறு நச்சு வேறு என்பதை யோசிக்கவில்லை. கிருமியைச் சூடு கொல்லும். இது கிருமி அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பாசி தன் உடம்பில் தயாரிக்கும் வேதிப்பொருள். சாக்சிடாக்சின் என்று பெயர். பாசி செத்தாலும் அது இருக்கும். கொதிநீரில் சிதையாது. எலுமிச்சையோ புளியோ பிழிந்தால் முறிந்துவிடும் என்பதும் இல்லை, புளிப்பில் அது இன்னும் உறுதியாக நிற்கும் வகை. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. சிப்பி வாடியிருக்காது, திறந்து கிடக்காது. சந்தையில் நாம் பார்க்கும் எந்த அடையாளமும் இதைக் காட்டிக்கொடுக்காது.

உடம்புக்குள் போனால் நரம்புகளில் சோடியம் நுழையும் சிறிய வாசல்களை அடைத்துவிடும். நரம்பின் செய்தி அங்கேயே நின்றுவிடும். முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், விரல் நுனிகள் குறுகுறுக்கும். சில நிமிடங்களிலேயே தொடங்கலாம், சில மணி நேரமும் ஆகலாம். நிறைய உள்ளே போயிருந்தால் கைகால் தளர்ந்து, கடைசியில் மூச்சு இழுக்கும் தசையும் நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் கொடுத்து, உடம்பு தானாக நச்சை வெளியேற்றும்வரை காப்பாற்றி வைக்க வேண்டும். அதனால்தான் உதடு மரத்தால் வீட்டில் உட்கார்ந்து வெந்நீர் குடிக்காமல் உடனே கிளம்ப வேண்டும் என்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது அறையின் குளிரூட்டியிலும் எனக்கு வியர்த்தது.

பதினொன்றரைக்கு அவர் எடுத்தார். கோயிலுக்குப் போயிருந்தாராம். கூப்பாங் பாத்திரத்தில் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. "அம்மா, நான் சொன்னது தப்பு. தயவுசெய்து தூக்கிப் போட்டுடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, கோபமே இல்லாமல், ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப கடல்ல யாரு விஷத்தைக் கொட்டுனா? ஃபேக்டரியா?"

யாரும் கொட்டவில்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கான பதிலை, பிறகு பல வாரம் தேடிப் படித்தேன். அது போர்ட்டிக்சனில் கிடைக்கவில்லை. நாட்டின் இன்னொரு மூலையில், கிளந்தானில், ஒரு காயலின் சேற்றில் கிடைத்தது.

காயல் என்ற சொல்லை இங்கே நாம் அதிகம் புழங்குவதில்லை. கடலும் நிலமும் சேரும் இடத்தில், மணல்திட்டு பாதி மறித்து நிற்க, உள்ளே தேங்கும் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு. இலங்கைத் தமிழில் களப்பு. மட்டக்களப்பின் பெயரிலேயே இருக்கிறது. மலாயில் லகுன். தும்பாட்டில், தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், சுங்கை கெத்திங் என்று அப்படி ஒரு காயல் உண்டு. சதுப்புநிலச் சேற்றில் லோக்கான் என்னும் பெரிய சிப்பி புதைந்து கிடக்கும், ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்துச் சமைப்பார்கள். 2001 செப்டம்பரில் அப்படித் தும்பாட்டில் லோக்கான் சாப்பிட்ட 6 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவர் பிழைக்கவில்லை.

காரணம் அலெக்சாண்ட்ரியம் மினூட்டம் என்ற நுண்பாசி. 1960இல் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் முதலில் கண்டு எழுதியதால் அந்த ஊரின் பெயர். மினூட்டம் என்றால் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நாற்பது ஐம்பதை வரிசையாக நிறுத்தலாம்.

இந்த இடத்தில் நுண்பாசிகளுக்கு ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். பைட்டோபிளாங்க்டன் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தக் கூட்டம்தான். உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை. இறால் குஞ்சிலிருந்து சுறா வரை கடலின் மொத்தச் சாப்பாடும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான வகைகளில் நச்சு தயாரிப்பவை சிலதான். கடல் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினால் எல்லாம் விஷம் என்று ஓட வேண்டியதில்லை. ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு: தண்ணீர் தெளிவாகத் தெரியும்போதே சிப்பிக்குள் நச்சு சேர்ந்திருக்கலாம். கூப்பாங் ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீரை உள்ளே இழுத்து, பாசியை வடித்துத் தின்றுவிட்டு, தண்ணீரை வெளியே விடும். நாள்முழுக்க இதே வேலை. கடலில் பரவலாகக் கிடப்பது அதன் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை, தின்ற நமக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குளிர்நாடுகளில் கடலுக்கும் வசந்தகாலம் உண்டு. குளிர்காலம் முழுக்க வெயில் இல்லாமல் கிடந்த பாசி, வெயில் வந்ததும் ஒரே மாதத்தில் பொங்கும். நமக்கு வருடம் முழுக்க வெயில். அப்படியென்றால் நம் கடலுக்குப் பருவமே இல்லையா என்றால், இருக்கிறது. காற்றும் மழையும் மாறும்போதெல்லாம் கடலின் பருவமும் மாறும். கிழக்குக் கரையில் நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் கிளந்தான் வெள்ளத்தில் மிதக்கும், கடல் கலங்கும். கலங்கிய நீரில் டயட்டம் வகைப் பாசிகள் செழிக்கும். அவற்றுக்கு நீந்தத் தெரியாது, யாராவது கலக்கிவிட்டால்தான் மூழ்காமல் இருக்கும். காற்று அடங்கி, தண்ணீர் அடுக்கடுக்காகத் தேங்கி நிற்கும் காலம் அலெக்சாண்ட்ரியத்தின் காலம். அதற்குச் சாட்டை மாதிரி இரண்டு இழைகள் உண்டு. பகலில் வெளிச்சத்துக்கு மேலே வரும், வேண்டுமென்றால் உணவுக்குக் கீழே இறங்கும். பாதி மூடிய காயல் அதற்கு நீச்சல் குளம்.

ஆனால் காற்று அடங்கியதும் அது எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து மிதந்து வருகிறதா? இங்கேதான் எனக்கு ஆச்சரியம்.

கிளந்தானின் பாச்சோக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கடலாய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. 2015இல் சுங்கை கெத்திங்கில் மறுபடியும் அதே பாசி, தண்ணீரின் நிறமே மாறும் அளவுக்குப் பெருகியது. லோக்கானில் மறுபடியும் நச்சு. இந்த முறை நம் ஆய்வாளர்கள் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தண்ணீரை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். இயற்கையில் நடக்கும் ஒரு பெருக்கத்தில் இந்தப் பாசியின் வாழ்க்கைக் கட்டங்களைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்தது அதுவே முதல்முறை. 2017இல் அது கட்டுரையாக வந்தது.

அவர்கள் கண்டது இதுதான். பெருக்கத்தின் தொடக்கத்தில் தண்ணீரில் இருந்தவை, சேற்றிலிருந்து அப்போதுதான் முளைத்து வந்தவை. முந்தைய பெருக்கம் முடியும்போது இந்தப் பாசிகள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து, தடித்த ஓடு போட்டுக்கொண்டு, விதை மாதிரி அடியில் படிந்துவிடுகின்றன. சிஸ்ட் என்கிறார்கள்; நம் மொழியில் விதை என்றே வைத்துக்கொள்வோமே. கொஞ்ச காலத்துக்கு அது எழுப்பினாலும் எழுந்திருக்காது, கட்டாயத் தூக்கம். அது தீர்ந்தபின் சூடு, உப்பு, வெளிச்சம் தோதாக வரும்போது ஓட்டை உடைத்துக்கொண்டு மேலே நீந்தும். பிறகு ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரண்டு நாளைக்கு ஒரு முறை பிரிந்தால்கூட ஒரே மாதத்தில் ஒன்று 32,768 ஆகிவிடும் என்று நான் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பெருக்கத்தின் நடுவே நீரின் உப்பு திடீரென்று குறைந்து, சூடு ஏறியிருக்கிறது. அந்தச் சமயத்தில் ஜோடி சேர்ந்த பாசிகள் அதிகமாகியிருக்கின்றன. அவையெல்லாம் நேராகத் தூங்கப் போய்விடவில்லை; அவையும் பிரிந்து பெருகின. அதே நேரம் சேற்றிலிருந்து புதிது புதிதாக முளைத்துக்கொண்டும் இருந்தன. மூன்று பக்கமும் வரவு. கடைசியில் தண்ணீரில் இருந்த சத்து தீர்ந்தது, அதன்பின் மழை கொட்டியது, பெருக்கம் முடிந்தது.

முடிந்தது என்றால் தண்ணீரில். சேற்றில் விதை இருக்கும்.

2001க்கும் 2015க்கும் நடுவே பதினான்கு வருடம். யாரும் அந்தக் காயலுக்குள் எதையும் கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டியதில்லை. மனிதர்களுக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பொதுவாக உரமும் சாக்கடையும் பண்ணைக் கழிவும் கலக்கும் நீரில் பாசிக்குச் சாப்பாடு அதிகம். சாப்பாடு இருக்கும்வரை அது பெருகும். விதை நம்முடையது அல்ல, உரம் பெரும்பாலும் நம்முடையது. சிரம்பான் அம்மாவின் ஃபேக்டரி கேள்வி ஒரேயடியாகத் தப்பில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மலாக்கா நீரிணைக்கும் இது புதிதில்லை. 1991இல் மலாக்காவின் செபாத்துவில், பண்ணையில் வளர்த்த கூப்பாங்கைச் சாப்பிட்டு 3 பேர் பாதிக்கப்பட்டார்கள். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே, அதே கரை. அப்போது நான் பால்குடி. என் பெற்றோரிடம் கேட்டேன், அவர்களுக்கு நினைவில்லை. யாராவது வானொலியில் பதினைந்து விநாடி வாசித்திருப்பார்கள்.

மீன், இறால் சாப்பிடலாமா என்று அதற்குப் பிறகு நிறைய நேயர்கள் கேட்டார்கள். இந்த நச்சு மீனின் சதையில் பொதுவாகச் சேர்வதில்லை, குடலில் தங்கும். நெத்திலி, மத்தி போல பாசியைத் தின்னும் சிறுமீனைக் குடலோடு சமைப்பவர்கள் அந்த நாட்களில் குடலை எடுத்துவிட வேண்டும். சிப்பி வகைகள்தான் மொத்தமாகத் தவிர்க்க வேண்டியவை.

அந்தத் தொலைபேசி அழைப்பு அத்தோடு முடியவில்லை. "இருங்க தம்பி, இவரு ஏதோ கேக்கணுமாம்" என்று அம்மா கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்தார். ஐயா ஓய்வுபெற்றவர் போல, குரலில் நிதானம்.

"தம்பி, நீங்க சாப்பிடாதீங்கன்னு சொன்னீங்க, சரி. எப்பலேர்ந்து சாப்பிடலாம்?"

அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், ஆனால் அவர் விரும்பும் பதில் இல்லை. பாசி அடங்கியபின் கூப்பாங் சில வாரங்களில் நச்சைக் கழித்துவிடும். சில சிப்பி வகைகள் மாதக் கணக்கில் உள்ளேயே வைத்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் அரைத்துப் பார்த்து, ஒரு கிலோ சிப்பிச் சதையில் 800 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்துவிட்டது என்று உறுதியானால்தான் உண்டு. ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அந்த அளவு. மீன்வளத் துறை தடையை எடுக்கும்வரை பொறுத்திருங்கள் ஐயா என்றேன்.

"தடை போட்டதை ரேடியோவில சொன்னீங்க. எடுத்தா அதையும் சொல்லுவீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். தடை நீங்கியது என்று நான் எப்போதாவது வாசித்திருக்கிறேனா? அது செய்தியாகவே எங்கள் கைக்கு வருவதில்லை, வந்தாலும் இடம் இருக்காது. கூப்பாங் விற்பவருக்கும் ஐயாவுக்கும் மட்டும்தான் அது செய்தி. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மஞ்சள் தாளில் "போர்ட்டிக்சன் கூப்பாங்: தடை நீங்கியதா?" என்று எழுதி ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அடுத்து வந்த அறிவிப்பாளர், நேயர் விருப்பப் பாட்டு என்று நினைத்து, அது எந்தப் படம் என்று கேட்டார்.